இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு? சென்னை வீட்டில் இணைய வேகத்தை அளப்பதும் இணைப்பைத் தேர்ந்தெடுப்பதும்

இணைய ரசீதில் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) என்று இருந்தது. படுக்கையறையில் கைப்பேசி காட்டியது 38. மூன்று முறை புகார் பதிந்தேன். மூன்று முறையும் யாரும் வரவில்லை. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி மட்டும் வந்தது. நான்காம் முறை ஒரு லைன்மேன் நேரில் வந்தார். காலை பதினொரு மணி. தன் மடிக்கணினியை எடுத்து, தான் கொண்டுவந்த வயரை ரவுட்டரில் செருகி, ஒரே நிமிடத்தில் 198 என்று காட்டிவிட்டார். "லைனில் குறை எதுவும் இல்லை, சார்."

"அப்படியென்றால் என் மேசைக் கணினியில் ஏன் 94க்கு மேல் போகவில்லை, தம்பி?" என்று கேட்டேன். அவர் என் வயரின் முனையைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக் முனைக்குள் எட்டு செம்புக் கம்பிகள் வரிசையாகத் தெரிந்திருக்க வேண்டும். நான்குதான் தெரிந்தன. வீட்டுக்கு வயரிங் செய்தவர், மீதி நான்கையும் வெட்டி எறிந்திருக்கிறார்.

நான்கு கம்பி வயரில் 100 எம்பிபிஎஸ் வரைதான் ஓடும். அதிலும் கையில் கிடைப்பது 94, 95. நிறுவனத்தைத் திட்டித் தீர்த்த எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. வயரை மாற்றினேன். ஆனால் அன்று இரவு ஒன்பதரை மணிக்கு, புது வயரில், அதே கணினியில் அளந்தபோது 61 வந்தது. ஆக லைன்மேன் சொன்னதும் சரி, நான் கத்தியதும் சரி. அவர் பகலில் அளந்தார், நான் இரவில் பயன்படுத்தினேன்.

எங்கே அளக்கிறோம், எப்போது அளக்கிறோம் என்ற இரண்டும் தெரியாமல் வேகத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நிறுவனத்தை மாற்றுவதற்கு முன்பும், அதிக விலைத் திட்டத்துக்குப் போவதற்கு முன்பும் கீழே உள்ள படிகளை ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு வாரம் ஆகும். செலவு ஒன்றும் இல்லை, மிஞ்சிப்போனால் ஒரு வயர்.

எண்களைப் படிக்கும் முறை

முதல் குழப்பம் பிட்டும் பைட்டும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நிறுவனங்கள் பிட்டில் விற்கின்றன. கணினி கோப்பை இறக்கும்போது பைட்டில் காட்டுகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு கோப்பு நொடிக்கு 12.5 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் உங்களுக்கு முழு வேகமும் கிடைக்கிறது என்று பொருள். "நூறு சொல்லிப் பன்னிரண்டு தருகிறார்கள்" என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, விளம்பரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் "வரை" என்ற சொல். "200 எம்பிபிஎஸ் வரை" என்றால் 200 என்பது உச்சவரம்பு. குறைந்தபட்சம் எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. இந்தியாவில் பிராட்பேண்டு என்று அழைக்கப்படுவதற்கான குறைந்தபட்ச வேகம் பல ஆண்டுகளாக 512 கேபிபிஎஸ் (ஏறக்குறைய அரை எம்பிபிஎஸ்) ஆக இருந்து, 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் ஆனது. அந்த வரையறையை நம்பி வழக்காட முடியாது.

வேகச் சோதனை நான்கு எண்களைத் தரும். பதிவிறக்க வேகமும் பதிவேற்ற வேகமும் எல்லோரும் அறிந்தவை. மூன்றாவது பிங்: நீங்கள் அனுப்பிய ஒரு சிறு செய்தி சர்வரைத் தொட்டுத் திரும்பிவர எடுக்கும் நேரம், மில்லி விநாடியில். நான்காவது ஜிட்டர்: அந்த நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற கணக்கு. காணொளிக் கூட்டத்தில் குரல் உடைந்து உடைந்து வருகிறதென்றால் பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தில் பிழை இருக்காது. பதிவேற்றத்தையும் ஜிட்டரையும் பாருங்கள்.

படி 1: வயரைப் பிடித்து அளப்பது

வைஃபையில் அளந்த எண் உங்கள் வீட்டுச் சுவரின் எண். லைனின் எண் வேண்டுமென்றால் மடிக்கணினியை லேன் வயரால் ரவுட்டரோடு நேரடியாக இணைக்க வேண்டும். அதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்.

வயர். முனையில் எட்டுக் கம்பியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உறையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

போர்ட். பல மலிவு ரவுட்டர்களிலும் பழைய மடிக்கணினிகளிலும் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகைதான். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புக்குள் போனால் இணைப்பு வேகம் 100 பை 100 என்றோ 1000 பை 1000 என்றோ தெரியும். 100 என்று இருந்தால் 300 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கினாலும் 94தான் காண்பீர்கள். திரும்பத் திரும்ப 93, 94, 95 என்றே வந்தால் நிறுவனத்தைச் சந்தேகிக்காமல் வயரையும் போர்ட்டையும் சந்தேகியுங்கள்.

வீட்டில் மற்றவர்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள், கைப்பேசிகளின் வைஃபையை அணையுங்கள், அலுவலக விபிஎன் இருந்தால் துண்டியுங்கள். கணினி பின்னணியில் அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தால் அது முடியட்டும். மாடியில் இருக்கும் மகனிடம் விளையாட்டை நிறுத்தச் சொல்வதுதான் இந்தப் படியிலேயே கடினமான வேலை.

படி 2: எந்தத் தளத்தில், எந்தச் சர்வருக்கு

ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் தளத்தைத்தான் எல்லோரும் திறக்கிறார்கள். நல்ல கருவி. ஆனால் அது தானாகவே பிங் குறைவாக உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பல நேரம் அது உங்கள் இணைய நிறுவனமே சென்னையில் வைத்திருக்கும் சர்வராக இருக்கும். அப்போது நீங்கள் அளப்பது உங்கள் வீட்டுக்கும் அவர்கள் அலுவலகத்துக்கும் இடையிலான பாதையை. கடைசி மைல் சரியாக இருக்கிறதா என்று அறிய அது போதும். வெளியுலகத்துக்குப் போகும் பாதை நெரிசலாக இருந்தால் அது காட்டாது.

ஆகவே மூன்று தளங்களில் அளந்து பாருங்கள்.

முதலில் ஸ்பீட்டெஸ்டில் தானாக வரும் சர்வருக்கு அளங்கள். பிறகு "சர்வரை மாற்று" என்பதை அழுத்தி, சென்னையிலேயே வேறு நிறுவனத்தின் சர்வர் ஒன்றுக்கும் சிங்கப்பூரில் ஒன்றுக்கும் அளந்துகொள்ளுங்கள்.

ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் ஒன்று. இது நெட்ஃபிளிக்ஸ் 2016ல் தொடங்கியது. நெட்ஃபிளிக்ஸின் சொந்தச் சர்வர்களிலிருந்தே இறக்கிப் பார்க்கிறது. ஸ்பீட்டெஸ்ட் 190 காட்டி ஃபாஸ்ட் 50 காட்டினால், படம் பார்க்கும் போக்குவரத்து எங்கோ இறுகுகிறது என்று அர்த்தம். முதலில் பதிவிறக்கம் மட்டும் தெரியும். "மேலும் விவரம்" என்பதை அழுத்தினால் மற்றவையும் வரும்.

கிளவுட்ஃபிளேர் வேகச் சோதனையில் ஒன்று. நெரிசல் நேரப் பிங், ஜிட்டர், வழியில் தொலைந்த பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) எல்லாவற்றையும் வரைபடமாகக் காட்டுவதால் எனக்கு இதுதான் பிடித்தது.

சிங்கப்பூர் ஏன் என்று கேட்கலாம். சென்னை கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர். 2002ல் வந்த ஐ2ஐ கேபிள் இங்கிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 3,200 கிலோமீட்டர் ஓடுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 6,400 கிலோமீட்டர் என்றால் 32 மில்லி விநாடி. இடையில் உள்ள கருவிகளுக்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து சிங்கப்பூருக்கு 35, 40 வந்தால் உங்கள் நிறுவனம் நேர்வழியில் அனுப்புகிறது. 80, 90 வந்தால் மும்பையைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று ஊகிக்கலாம். வெளிநாட்டுச் சர்வர்களில் வேலை செய்பவர்களும் விளையாடுபவர்களும் நிறுவனங்களை ஒப்பிட இதைவிட எளிய சோதனை இல்லை.

ஓர் எச்சரிக்கை. 200 எம்பிபிஎஸ் இணைப்பில் பதினைந்து நொடிப் பதிவிறக்கச் சோதனை ஒன்றுக்கு மட்டும் 375 மெகாபைட் வரை செலவாகும். வீட்டு இணைப்பில் கவலையில்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் அளக்கும்போது நினைவில் இருக்கட்டும்.

படி 3: ஒரு வாரக் குறிப்பேடு

ஒருமுறை எடுத்த அளவு ஒன்றையும் நிரூபிக்காது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏழு நாளும் மூன்று வேளை எழுதுங்கள்: காலை 7, பிற்பகல் 3, இரவு 9.30. ஒவ்வொரு வேளையும் பதிவிறக்கம், பதிவேற்றம், பிங், எந்தச் சர்வர், வயரா வைஃபையா என்று ஐந்து கட்டம் போதும். ஒவ்வொன்றையும் திரைப்பிடிப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புகாருக்கு உதவும்.

இரவு ஒன்பதரை மணி ஏன்? ஃபைபர் என்றால் தனிக்குழாய் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. வீடுகளுக்குப் பரவலாக வரும் ஜிபான் தொழில்நுட்பத்தில் அலுவலகத்திலிருந்து வரும் ஒரே இழை, கம்பத்தில் தொங்கும் சிறு பெட்டிக்குள் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. அந்த இழையின் மொத்தக் கொள்ளளவு கீழ்நோக்கி ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்), மேல்நோக்கி 1.25. அறுபத்து நான்கு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு 200 வாங்கியிருந்தால் கூட்டுத்தொகை 12.8 ஜிபிபிஎஸ். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறக்குவதில்லை என்ற நம்பிக்கையில்தான் தொழில் நடக்கிறது; நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. பலிக்காமல் போகும் நேரம், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்காரும் நேரம். அதைவிட அடிக்கடி நெரிசல் வருவது, உள்ளூர் ஆபரேட்டர் மேல்நிலை நிறுவனத்திடம் வாங்கியிருக்கும் மொத்தக் கொள்ளளவில். வாடிக்கையாளர்களைச் சேர்த்த வேகத்தில் அதை அவர் கூட்டியிருக்கமாட்டார்.

நோட்டில் காலை 195, பிற்பகல் 190, இரவு 60 என்று ஏழு நாளும் ஒரே மாதிரி வந்தால் அது நெரிசல். எல்லா வேளையும் குறைவு என்றால் லைன் அல்லது கருவி. ஒழுங்கே இல்லாமல் ஏறி இறங்கினால், குறிப்பாக மழை நாளில், ஃபைபர் இழையில் கோளாறு.

கடைசியாகச் சொன்னதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உலாவியில் 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலான கருவிகளின் அமைப்புப் பக்கம் திறக்கும். முகவரியும் கடவுச்சொல்லும் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும். அதில் ஆப்டிக்கல் பவர் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்ற வரியைத் தேடுங்கள். வந்து சேரும் ஒளியின் வலிமையைச் சொல்லும் எண் அது; எதிர்மறையில், டிபிஎம் என்ற அளவில் இருக்கும். மைனஸ் 18, மைனஸ் 20 என்றால் நன்று. மைனஸ் 27 என்பது சாதாரண ஜிபான் கருவியின் எல்லை. மைனஸ் 26ல் ஓடும் வீட்டில் மழைத்துளி விழுந்தாலே இணைப்பு போய்வரும். காரணம் பல நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்: இழையை ஆணியில் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள், அல்லது ஜன்னல் கதவு அதை நசுக்கிக்கொண்டிருக்கும். கண்ணாடி இழை மடங்கினால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். வெளியில் என்றால் அணில். சென்னையில் மரங்கள் இருக்கும் தெருவில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: வைஃபை, அறை அறையாக

லைன் சரி என்று தெரிந்த பிறகுதான் இந்தப் படி. ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவானது. அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களெல்லாம் அதே வரிசையில் கூச்சலிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. நம்மூர் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் சோர்ந்துவிடும். என் படுக்கையறையின் 38 எப்படி வந்தது என்பது இங்கேதான் விளங்கியது. ரவுட்டர் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பின்னால். இடையில் ஒரு சுவர். அந்தச் சுவரை ஒட்டி அம்மாவின் கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ. கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்க முடியாமல் 2.4க்குத் தாவியிருக்கிறது.

செய்ய வேண்டியது: ரவுட்டர் அமைப்பில் இரண்டு அலைவரிசைகளுக்கும் தற்காலிகமாக வெவ்வேறு பெயர் கொடுங்கள். கைப்பேசியோடு அறை அறையாக நடந்து, இரண்டிலும் அளந்து எழுதுங்கள். பிறகு ரவுட்டரை வீட்டின் நடுவே, தலை உயரத்தில், திறந்த இடத்தில் வைத்து மறுபடி அளக்கவும். பல வீடுகளில் இதோடு பிரச்சினை முடிந்துவிடும். 2.4ல்தான் இருந்தாக வேண்டும் என்றால் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை வைத்துப் பாருங்கள். இவை மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

இதற்குப் பிறகும் எட்டாத அறைக்கு லேன் வயர் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைப்பதே சிறந்தது. வயர் இழுக்க முடியாதவர்களுக்கு மெஷ், அதாவது வயரில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் ரவுட்டர்களின் தொகுப்பு. கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ரிப்பீட்டர்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். கேட்டதையே திருப்பிச் சொல்வதில் அவற்றின் பாதி வேகம் போய்விடும்.

படி 5: நெரிசலில் பிங்

வேகம் நன்றாக இருந்தும் காணொளிக் கூட்டம் உறைந்துபோகும் வீடுகளுக்கு மட்டும் இந்தச் சோதனை. கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு 8.8.8.8 என்ற கூகுள் சர்வரின் முகவரியைக் கொடுங்கள். விண்டோஸில் அது நான்கு முறையோடு நின்றுவிடும். தொடர்ந்து ஓட, கடைசியில் ஓர் இடைவெளியும் சிறு கோடும் சேர்த்து 't' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தைப் போடுங்கள். மில்லி விநாடி எண் 5, 6 என்று ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியிலிருந்து ஒரு பெரிய வீடியோவைக் கூகுள் டிரைவுக்கு ஏற்றுங்கள். எண் 20, 30க்கு ஏறினால் பரவாயில்லை. 300, 400 என்று தாவினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். டிக்கெட் கவுண்டரில் கல்யாண வீட்டார் நூறு டிக்கெட் எடுக்கும்போது, ஒரு டிக்கெட்டுக்கு வந்தவர் பின்னால் நிற்கும் நிலைதான் உங்கள் குரலுக்கு. ரவுட்டரில் க்யூஓஎஸ் (போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும்) வசதி இருந்தால், பதிவேற்ற உச்சத்தை உண்மையான வேகத்தில் பத்தில் ஒன்பது பங்காகக் கட்டுப்படுத்துங்கள். வரிசை கலைந்துவிடும்.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்?

நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குப் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ். முழு எச்டிக்கு 5. காணொளிக் கூட்டம் ஒன்றுக்கு இரு திசையிலும் 3 முதல் 4. ஒரு 4கே தொலைக்காட்சி, இரண்டு கூட்டம், ஒரு பிள்ளையின் வகுப்பு, நான்கு கைப்பேசி என்று தாராளமாகக் கூட்டினாலும் 60ஐத் தாண்டாது. நான்கு பேர் வீட்டுக்கு நிலையான 100 போதும். நான் 300க்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம், பெரிய கோப்புகளை அடிக்கடி இறக்குகிறீர்களா என்று மட்டும் கேட்பேன். கேமராக்கள் வைத்திருப்பவர்கள் பதிவேற்றத்தைக் கணக்கிடுங்கள்: நான்கு கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் அனுப்பினால், 8 எம்பிபிஎஸ் இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கும்.

சென்னையில் என்னென்ன வழிகள்

பெரிய நிறுவனங்களின் ஃபைபர் முதல் வகை: ஏர்டெல், ஜியோ, ஆக்ட், ஹாத்வே போன்றவை. பிஎஸ்என்எல் பாரத் ஃபைபர் இரண்டாவது. இதில் பல இடங்களில் தெருவில் வேலை பார்ப்பவர் வருவாய்ப் பகிர்வில் சேர்ந்த உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்தான், ஆகவே சேவையின் தரம் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றாவது, கேபிள் டிவி நடத்திக்கொண்டே இணையமும் தரும் சிறு ஆபரேட்டர்கள். நான்காவது, வயரே இல்லாத 5ஜி வீட்டு இணைப்பு. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. மொட்டைமாடியில் ஒரு கருவி, வீட்டுக்குள் ஒரு ரவுட்டர். ஃபைபர் வராத சந்துகளுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் வசதியானது. கோபுர நெரிசலைப் பொறுத்து பிங் ஆடும் என்பதால், ஃபைபர் கிடைக்கும் வீட்டில் இதை முதல் தேர்வாக நான் வைக்கமாட்டேன்.

இத்தனை பெயர்கள் இருந்தாலும் உங்கள் தெருவுக்கு வருவது இரண்டோ மூன்றோதான். அடுக்குமாடி என்றால் அசோசியேஷன் அனுமதித்த ஒன்றோ இரண்டோ. ஆகவே ஒப்பீட்டை நகர அளவில் செய்யாமல் கம்ப அளவில் செய்யுங்கள்.

விற்பனைக்கு வருபவரிடம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது: வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் வயரா? "ஃபைபர் நெட்" என்று விற்கும் சில இணைப்புகளில் ஃபைபர் கட்டடத்தின் கீழ்த்தளம் வரைதான் வரும். அங்கே ஒரு சுவிட்ச் பெட்டி. அதிலிருந்து மாடிகளுக்கு லேன் வயர். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். ஜிபானில் கம்பத்துப் பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. மின்வெட்டின்போது உங்கள் ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வைத்திருந்தால் ஜிபான் இணைப்பு பெரும்பாலும் ஓடும். சுவிட்ச் பெட்டிக்காரர்கள் இருட்டில் காத்திருக்க வேண்டும்.

அடுத்து விலை. விளம்பரத்தில் 599 என்றால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 706 ரூபாய் 82 காசு. அதன்மேல் நிறுவும் கட்டணம், கருவிக்கு முன்பணம், "ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் இலவச ரவுட்டர்" வகையறா. ஓராண்டு கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பதைக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு மிச்சம் வரியோடு 54 ரூபாய்தான். அந்த 54 ரூபாய்க்காக முன்பின் தெரியாத ஆபரேட்டரிடம் எட்டாயிரத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். முடியாது என்று சொன்னால் அதுவே ஒரு தகவல்.

டேட்டா வரம்பு: "அன்லிமிடெட்" என்பதன் அடியில் 3,300 ஜிபி என்று இருக்கலாம். நாளுக்கு 110 ஜிபி. 4கே படம் மணிக்கு அதிகபட்சம் 7 ஜிபி எடுக்கும் என்றால் தினமும் பதினைந்து மணி நேரம் பார்த்தால்தான் தீரும். கவலை வேண்டாம். ஆனால் சில மலிவுத் திட்டங்களிலும் 5ஜி இணைப்புகளிலும் வரம்பு இதைவிட வெகு குறைவு. தீர்ந்த பிறகு என்ன வேகம் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பதிவேற்ற வேகம் பதிவிறக்கத்துக்குச் சமமா? தரும் ரவுட்டர் இரட்டை அலைவரிசையா? வீட்டில் சொந்தமாகச் சர்வர் வைப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று: பொது ஐபி கிடைக்குமா? ரவுட்டர் பக்கத்தில் தெரியும் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதேனும் ஒன்றில் தொடங்கினால் நீங்கள் கூட்டு முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து நேரடியாக வீட்டுக்குள் வர முடியாது. மற்றவர்களுக்கு இதனால் நட்டமில்லை.

தெருவில் விசாரிப்பது

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கீழ்வீட்டுக்காரர், மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, அபார்ட்மென்ட் காவலாளி ஆகியோரிடம் பேசுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இணையம் போனால் வியாபாரம் போகும். அவர் மூன்று இணைப்பு மாற்றியிருப்பார், காரணமும் சொல்வார். "வேகம் எப்படி?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "பரவாயில்லை" என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எத்தனை நாள் இணைப்பு இல்லை? யாருக்கு முதலில் வந்தது? கடைசியாக வயர் அறுந்தபோது ஆள் வர எத்தனை மணி நேரம் ஆனது? லைன்மேனின் கைப்பேசி எண் உங்களிடம் இருக்கிறதா, எடுக்கிறாரா?

மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலைகளை ஒட்டிக் குடியிருப்பவர்கள், கேபிள் நிலத்தடியிலா தலைக்குமேலா என்றும் கேட்க வேண்டும். மண் தோண்டும் இயந்திரத்துக்கு நிலத்தடிக் கேபிள் தெரியாது. தலைக்குமேல் மரத்துக்கு மரம் தொங்கும் கேபிளை புயலும் அறுக்கும், மாநகராட்சியும் அறுக்கும்.

பக்கத்து வீட்டில் நீங்கள் யோசிக்கும் இணைப்பே இருந்தால், ஒரு நாள் இரவு ஒன்பதரைக்குப் போய், மடிக்கணினியைச் செருகி அளக்க அனுமதி கேளுங்கள். ஒரு காபி கிடைக்கும், விளம்பரம் சொல்லாத எண்ணும் கிடைக்கும்.

புகாரும் மாற்றமும்

மாறுவதற்கு முன் ஒரு வாரக் குறிப்பேட்டை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். "நெட் மெதுவாக இருக்கிறது" என்று எழுதாமல், "வயரில், இன்ன சர்வருக்கு, ஏழு நாளும் இரவு 9.30க்கு திட்ட வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே" என்று எழுதுங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அந்த ஏற்பாடு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி இருக்க வேண்டும். டிராய் தனிநபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். அடுத்த படிகள் மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளம் வழியாகத் தொலைத்தொடர்புத் துறை, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

எனக்கு மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது, வேகம் வரவில்லை. மாறிவிட்டேன். மாறும்போது பழைய இணைப்பைத் துண்டிக்காமல் புதியதைப் போட்டு, பத்து நாள் இரண்டையும் வைத்து ஒரே நேரத்தில் அளந்தேன். இரவு ஒன்பதரைக்குப் பழையது 58, புதியது 142. புதியதன் திட்டம் 150தான், பழையதைவிடச் சிறியது.

பழைய கருவியை எடுக்க ஆள் வரும்போது, அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, அந்த எண் எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்கிய பிறகே கருவியைக் கொடுங்கள். நான் ரசீது கேட்டபோது வந்தவரிடம் தாள் இல்லை. வேகம் எழுதிய நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, அதிலேயே எழுதி வாங்கினேன். மூன்று மாதம் கழித்துக் கருவியைத் திருப்பித் தரவில்லை என்று 2,500 ரூபாய் கேட்டு அழைப்பு வந்தபோது அந்தத் தாளின் படத்தை அனுப்பினேன். மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது.